காகிதத்தில் அச்சான முகவரி

பாடநூல் முதல் மருந்து அட்டை வரை எங்கும் காணும் கியூஆர் கோடு எப்படிப் பிறந்தது, எப்படி வேலை செய்கிறது, எங்கே அறுந்துபோகிறது?

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் ஒன்றைப் பிரித்தால், பாடத் தலைப்பின் அருகே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சிறு சதுரம் இருக்கும். அதன் அடியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் இருக்கும். கைபேசிக் கேமராவைச் சதுரத்தின் மேல் காட்டினால், அந்தப் பாடத்துக்கான காணொளி திரையில் ஓடும். பார்ப்பவருக்குக் காணொளி சதுரத்துக்குள்ளேயே ஒளிந்திருப்பதுபோலத் தோன்றலாம். உண்மையில் அதற்குள் இருப்பது ஓர் இணைய முகவரி மட்டுமே. விரலால் தட்டச்சு செய்ய வேண்டிய முகவரியைக் கேமரா படிக்கும்படி வரைந்து வைப்பதுதான் கியூஆர் கோடு.

கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி சொல்லும் சதுரம், அருங்காட்சியகப் பலகையில் விளக்கம் தரும் சதுரம், உணவக மேசையில் விலைப்பட்டியல் காட்டும் சதுரம் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். அச்சான தாள் ஒரு முகவரியைத் தாங்குகிறது. அந்த முகவரியில் இருப்பதை வேறொருவர் வேறோர் இடத்தில் பராமரிக்கிறார். தாள் அப்படியே இருக்கும். முகவரி காட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அச்சையும் இணையத்தையும் இணைக்கும் தொழிலில் உள்ள கெட்டிக்காரத்தனமும் கோளாறும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

பத்துப் பட்டைகளுக்குப் பதில் ஒன்று

கியூஆர் கோட்டுக்கு மூத்தது பார்கோடு என்னும் பட்டைக் குறியீடு. நார்மன் ஜோசப் வுட்லண்ட், பெர்னார்ட் சில்வர் என்ற இரு அமெரிக்கர்கள் அதற்கு 1952இல் காப்புரிமை பெற்றனர். 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில், மார்ஷ் பல்பொருள் அங்காடியில், ரிக்லி சூயிங்கம் பொட்டலம் ஒன்று பட்டைக் குறியீட்டை வைத்துப் பில் போடப்பட்டது. கடைக்கு அது போதுமானதாக இருந்தது. பொருளின் எண்ணை மட்டும் பட்டை சொன்னால், விலையைக் கடையின் கணினி தேடிக்கொள்ளும்.

தொழிற்சாலைக்கு அது போதவில்லை. பட்டைக் குறியீடு இடமிருந்து வலமாக ஒரே திசையில்தான் தகவலைச் சுமக்கும். அதில் ஏறக்குறைய 20 எழுத்துகளுக்கு மேல் அடக்குவது கடினம். ஜப்பானில் மோட்டார் வாகன உதிரிபாகங்கள் செய்யும் டென்சோ நிறுவனத்தில் ஒரே பெட்டியில் பத்துப் பட்டைகள்வரை ஒட்ட வேண்டியிருந்தது. தொழிலாளர்கள் நாளொன்றுக்கு ஆயிரம் தடவைபோல ஸ்கேன் செய்து சலித்துப்போனார்கள். அந்த நிறுவனத்தின் பொறியாளர் மசஹிரோ ஹாரா 1992இல் மாற்று தேடத் தொடங்கினார். அவருடன் வேலை பார்த்தவர் ஒருவரே. 1994இல் புதிய குறியீடு வெளிவந்தது. குறுக்கும் நெடுக்குமாக இரு திசையிலும் தகவல் வைக்கும் யோசனைக்கு, மதிய இடைவேளையில் தாம் ஆடிய கோ ஆட்டம் உதவியது என்று ஹாரா சொல்லியிருக்கிறார். கட்டம் போட்ட பலகையில் கறுப்புக் காய்களும் வெள்ளைக் காய்களும் வைத்து ஆடும் ஆட்டம் அது.

அடுத்த சிக்கல் வேகம். படிக்கும் கருவிக்குக் குறியீடு எங்கே இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். சுற்றிலும் அச்சான எழுத்தும் படமும் இருக்கும்போது குறியீட்டை மட்டும் பிரித்தறிவது எப்படி? ஹாராவும் சகாவும் பத்திரிகைகள், துண்டறிக்கைகள், அட்டைப்பெட்டிகள் எனக் கைக்குக் கிடைத்த அச்சுப் பொருள்களை எல்லாம் எடுத்து, அவற்றில் கறுப்பும் வெள்ளையும் எந்த விகிதத்தில் மாறிமாறி வருகின்றன என்று அளந்தார்கள். மிக அரிதாக வருவது 1:1:3:1:1 என்ற விகிதம் என்று கண்டார்கள். கியூஆர் கோட்டின் மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள் அந்த விகிதத்தில் அமைந்தவை. நடு வழியாக எந்தக் கோணத்தில் கோடு இழுத்து வெட்டினாலும், கறுப்பு ஒரு பங்கு, வெள்ளை ஒரு பங்கு, கறுப்பு மூன்று பங்கு, மீண்டும் வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று என்றே வரும். மூன்று மூலையும் கிடைத்துவிட்டால் தாள் தலைகீழாக இருந்தாலும் கருவிக்குத் திசை தெரிந்துவிடும். அச்சுப் பொருளோடு கலந்துவிடக் கூடாது என்று வடிவமைத்த குறியீடுதான் பிற்காலத்தில் எல்லா அச்சுப் பொருளிலும் இடம்பிடித்தது.

காப்புரிமை கையில் இருந்தும், தரத்தைப் பின்பற்றுவோரிடம் அதை வலியுறுத்தப் போவதில்லை என்று டென்சோ அறிவித்தது. 2000இல் இது பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. யாரும் கட்டணமின்றி உருவாக்கலாம் என்ற அந்த முடிவு இல்லாமல் கியூஆர் கோடு தேநீர்க் கடைவரை வந்திருக்காது.

கட்டங்களுக்குள் என்ன?

மிகச் சிறிய கியூஆர் கோட்டில் பக்கத்துக்கு 21 கட்டங்கள், மொத்தம் 441. அடுத்தடுத்த அளவுக்குப் பக்கத்தில் நான்கு கட்டம் கூடும். நாற்பதாவது அளவு 177க்கு 177. அதில் எண்கள் மட்டும் என்றால் 7,089 வரை அடங்கும். பொதுவான தரவாகக் கணக்கிட்டால் 2,953 பைட்டுகள். முகவரிக்கு இவ்வளவு இடம் தேவையே இல்லை. பாடநூலிலும் சுவரொட்டியிலும் காணும் சதுரங்கள் பெரும்பாலும் சிறிய அளவுகளைச் சேர்ந்தவை.

மூலைச் சதுரங்களும் கட்டங்களை எண்ண உதவும் புள்ளிக் கோடுகளும் போக எஞ்சிய இடத்தில் இரண்டு சரக்கு இருக்கும். ஒன்று முகவரி. மற்றது, முகவரி சேதமானால் மீட்க உதவும் உபரித் தகவல். இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட முறை இதற்கு அடிப்படை. அதே முறைதான் கீறல் விழுந்த குறுந்தட்டிலும் பாட்டு தடையின்றிக் கேட்க வழிசெய்தது. கியூஆர் கோட்டில் இந்தப் பாதுகாப்பு நான்கு நிலைகளில் உண்டு. தரவில் ஏறக்குறைய 7, 15, 25, 30 சதவீதம்வரை சேதமானாலும் மீட்டுவிடலாம். நடுவில் நிறுவனச் சின்னத்தை வைத்து மறைத்த பிறகும் கோடு வேலை செய்வதற்குக் காரணம் இதுவே. சின்னத்தை மறைந்துபோன இடமாகக் கருதி, உபரித் தகவலைக் கொண்டு முகவரியை முழுமையாக்கிக்கொள்கிறது கருவி. ஆனால் மூன்று மூலைகளில் ஒன்று கிழிந்தால் இந்தக் கணக்கு உதவாது. இடம் தெரிந்தால்தானே படிக்க முடியும்!

கறுப்பே ஓரிடத்திலும் வெள்ளையே ஓரிடத்திலும் திரண்டுவிட்டால் கேமரா குழம்பும். அதைத் தவிர்க்க, எட்டு வகை முகமூடி வார்ப்புகளில் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, கறுப்பு வெள்ளை சீராகப் பரவும் ஒன்றை மென்பொருளே தேர்ந்தெடுக்கும். ஒரே முகவரிக்கு இரு மென்பொருள்கள் தரும் சதுரங்கள் பார்வைக்கு வேறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூனை வடிவில் வந்த தோல்வி

அச்சான பக்கத்திலிருந்து இணையப் பக்கத்துக்குத் தாவும் ஆசை கியூஆர் பரவுவதற்கு முன்பே இருந்தது. 2000ஆம் ஆண்டில் டல்லஸ் நகரின் டிஜிட்டல் கன்வர்ஜன்ஸ் நிறுவனம் கியூகேட் என்ற கருவியை வெளியிட்டது. பூனைக்குட்டி வடிவில், கைக்கடக்கமாக, கணினியோடு கம்பியால் இணைக்கும் ஸ்கேனர் அது. பத்திரிகை விளம்பரத்தின் ஓரத்தில் அச்சான பட்டையை அதனால் தேய்த்தால் அந்த நிறுவனத்தின் இணையதளம் திறக்கும். ரேடியோஷாக் கடைகளில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஃபோர்ப்ஸ், வயர்டு இதழ்களின் சந்தாதாரர்களுக்கு வீட்டுக்கே அனுப்பினார்கள்.

திட்டம் விரைவிலேயே படுத்துவிட்டது. பத்திரிகையைச் சாய்வு நாற்காலியில் படிப்பவர், அதை மேசைக் கணினி இருக்கும் இடத்துக்கு எடுத்துப் போக வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் வந்தவர் முகவரியைத் தட்டச்சு செய்துவிட்டே போகலாம். போதாக்குறைக்கு ஒவ்வொரு கருவிக்கும் தனி வரிசை எண் இருந்தது. யார் எதைத் தேய்த்தார் என்று நிறுவனம் பின்தொடர முடியும் என்ற புகார் எழுந்தது. பதிவு செய்தவர்களின் விவரங்களும் கசிந்தன. 2005இல் இருபது லட்சம் கருவிகள் தலா 30 சென்ட் விலைக்கு மொத்த விற்பனைக்கு வந்தன.

கியூகேட்டிடம் இல்லாதது கைபேசி. 2002இல் ஜப்பானில் கியூஆர் கோட்டைப் படிக்கும் கேமரா கைபேசி விற்பனைக்கு வந்தது. எண் விசைகளைப் பலமுறை அழுத்தி முகவரியை உள்ளிட வேண்டியிருந்த காலம் அது. கேமரா அந்த வேலையைக் குறைத்ததால் ஜப்பானியப் பத்திரிகைகளிலும் சுவரொட்டிகளிலும் சதுரங்கள் முளைத்தன. மற்ற நாடுகளில் தனிச் செயலி ஒன்றை நிறுவினால்தான் படிக்க முடியும் என்ற நிலை நீண்ட காலம் நீடித்தது. 2017இல் ஆப்பிள் தன் ஐபோன் கேமராவிலேயே படிக்கும் வசதியைச் சேர்த்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகளும் அந்த வழியில் வந்தன. 2016இல் இந்தியாவில் தொடங்கிய யுபிஐ என்ற பணப் பரிமாற்ற முறை, காய்கறி வண்டிவரை சதுரத்தைக் கொண்டுபோனது. கொரோனாக் காலத்தில் உணவகங்கள் பலர் கை படும் பட்டியலை எடுத்துவிட்டு மேசையில் சதுரத்தை ஒட்டின. சதுரத்தைக் கண்டால் கேமராவை நீட்டும் பழக்கம் இப்படித்தான் ஊரெங்கும் படிந்தது.

பாடநூலில் ஆறு குறிகள்

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்ற சிற்றூரின் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் ரஞ்சித்சிங் திசாலே. கர்நாடக எல்லையை ஒட்டிய பகுதி என்பதால் பிள்ளைகள் பலருக்கு வீட்டு மொழி கன்னடம். பாடநூலோ அந்த மொழியில் இல்லை. பாடத்தை மொழிபெயர்த்ததோடு, பாட்டு, கதை, காணொளி ஆகியவற்றுக்கு இட்டுச்செல்லும் கியூஆர் கோடுகளையும் அவர் புத்தகத்தில் சேர்த்தார். அந்த முறையைப் பின்னர் மாநில அரசு தன் பாடநூல்களில் ஏற்றது. 2020 டிசம்பரில் அவருக்கு உலக ஆசிரியர் பரிசு கிடைத்தது. பத்து லட்சம் டாலர் பரிசில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் அவர் பகிர்ந்தளித்தார்.

தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தபோது கியூஆர் கோடும் சேர்ந்து வந்தது. பின்னர் மற்ற வகுப்புகளுக்கும் பரவியது. பாடத்தின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதியும் சேர்ந்தது. எந்தப் பக்கத்துக்குப் போவது, அங்கே எதை அழுத்துவது என்று படிப்படியாகச் சொல்லி, ‘உரலி’ என்ற பெயரில் முகவரியை எழுத்திலும் கொடுக்கும் பகுதி அது. உரலி, செயலி, திறன்பேசி போன்ற சொற்கள் லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்ததில் இந்தப் பாடநூல்களுக்குப் பங்குண்டு.

பாடநூல் கோடுகள் சென்று சேரும் இடம் தீக்ஷா. மத்திய அரசு 2017 செப்டம்பரில் தொடங்கிய தளம் இது. இதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. சதுரத்துக்குள் காணொளியின் நேரடி முகவரி இல்லை. அடியில் அச்சான ஆறு குறிகளோடு தளத்தின் பெயரும் சேர்ந்த சிறு முகவரியே இருக்கிறது. அந்த ஆறு குறிகளுக்கு எதிரே எந்தக் காணொளி, எந்தப் பயிற்சித் தாள் என்பதைத் தளத்தின் பதிவேடு சொல்லும். பதிவேட்டைத் திருத்தினால் போதும், லட்சக்கணக்கில் அச்சாகிப் பையில் கிடக்கும் புத்தகங்கள் அனைத்தும் புதிய பாடத்தைக் காட்டும். கேமரா பழுதானவர் ஆறு குறிகளைத் தளத்தின் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்தும் அதே பாடத்தை அடையலாம்.

கோட்டைப் படிக்கக் கைபேசி வேண்டும் என்பது இதன் எல்லை. இந்திய ஊரகக் குடும்பங்களின் கல்விநிலையை ஆராயும் ஏசர் ஆய்வின்படி, பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் வீட்டில் திறன்பேசி உள்ளவர்கள் 2018இல் 36.5 சதவீதம். பள்ளிகள் மூடிக்கிடந்த 2020இல் அது 61.8 சதவீதமாக உயர்ந்தது. வீட்டில் இருப்பதும் பிள்ளையின் கையில் இருப்பதும் ஒன்றல்ல. ஒரே கைபேசியோடு தந்தை வேலைக்குப் போய்விட்டால், மாலைவரை புத்தகத்தின் சதுரம் வெறும் படமே. அதனால் இணையத்தில் இருப்பது கூடுதல் விளக்கமாக இருக்கலாம், பாடத்தின் உயிர்ப்பகுதி தாளிலேயே இருக்க வேண்டும் என்பது பாடநூல் தயாரிப்பின் அடிப்படை விதி.

சிலப்பதிகாரத்தின் எடை

முகவரியின் நீளம் சதுரத்தின் நெருக்கத்தைத் தீர்மானிக்கிறது. தமிழில் இது தனிக் கவனம் கேட்கும் விஷயம். ‘சிலப்பதிகாரம்’ என்ற விக்கிப்பீடியா பக்கத்துக்கு ஒரு சதுரம் செய்வதாக வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொல்லில் எட்டு எழுத்துகள். கணினியோ உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணும். அதன் கணக்கில் 13 குறிகள். யூனிகோடு தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால் 39 பைட்டுகள். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று ஆங்கிலக் குறிகளாக மாறும்போது 117. முன்னால் வரும் தளத்தின் பெயருக்கு 30. ஆக மொத்தம் 147 குறிகள்.

பதினைந்து சதவீதப் பாதுகாப்பு நிலையில் இதைச் சதுரமாக்கினால் 49க்கு 49 கட்டம் தேவைப்படும். இதே பக்கத்துக்கு 26 குறிகளுக்கு மிகாத குறுமுகவரி இருந்தால் 25க்கு 25 போதும். இரண்டையும் சுற்றிலும் விட வேண்டிய வெள்ளை ஓரத்தோடு சேர்த்து 2 சென்டிமீட்டரில் அச்சிட்டால், நீண்டதில் ஒரு கட்டம் 0.35 மில்லிமீட்டர், குறுகியதில் 0.6 மில்லிமீட்டர். மை பரவும் செய்தித்தாளில் முதலாவது திணறும். இரண்டாவதை மங்கிய வெளிச்சத்திலும் கேமரா பிடித்துவிடும். தமிழ்த் தலைப்பை முகவரியில் அப்படியே நீட்டாமல், சில எழுத்துகளுக்குள் அடங்கும் குறுமுகவரி செய்துகொள்வது தமிழ் வெளியீடுகளுக்கு நல்லது.

அச்சகத்தில் கவனிக்க வேண்டியவை

சதுரத்தின் அளவுக்குப் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். கையில் வைத்துப் படிக்கும் இதழுக்கு 2 முதல் 2.5 சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் சுவரொட்டிக்கு 20 சென்டிமீட்டர். நாலு பக்கமும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விட வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க அந்த வெள்ளையில் எழுத்தை நுழைப்பது பக்கம் வடிவமைப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

நான்கு வண்ண அச்சில் சதுரத்தைக் கறுப்பு மையில் மட்டும் அடிக்க வேண்டும். நான்கு மைகளையும் கலந்து கறுப்பாக்கினால், தகடுகள் இம்மியளவு விலகினாலும் கட்டங்களின் ஓரம் கலங்கிப்போகும். படத்தை இழுத்துப் பெரிதாக்கினாலும் ஓரம் மங்கும் என்பதால், எந்த அளவிலும் கூர்மை கெடாத வெக்டர் கோப்பையே பயன்படுத்துவார்கள். அடர்ந்த பின்னணியில் வெளிர் சதுரம் போடும் அலங்காரத்தைச் சில கைபேசிகள் படிக்காது. புத்தகத்தின் நடுத் தையலை ஒட்டி வைத்தால் தாள் வளையும், சதுரமும் வளையும். பளபளக்கும் லேமினேஷன் அட்டையில் விளக்கொளி பட்டுத் தெறிக்கும். பேருந்தின் பின்புறம் ஓடும் சதுரத்தையும் நெடுஞ்சாலைப் பதாகையில் நிற்கும் சதுரத்தையும் யார் எப்போது ஸ்கேன் செய்வது என்று வைத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அச்சுக்குப் போகும் முன் கணினித் திரையில் சோதித்தால் போதாது. அதே தாளில், அதே அளவில் மாதிரி எடுத்து, விலை குறைந்த பழைய கைபேசி ஒன்றாலும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். எழுத்துப் பிழையைக் கண்ணால் பிடிக்கலாம். சதுரத்துக்குள் இருக்கும் பிழை எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

பலகை ஒன்று, மொழி பல

பொருளின் பக்கத்தில் ஒட்டும் விளக்க அட்டையில் இடம் குறைவு. அருங்காட்சியகங்களுக்கு இது பழைய தலைவலி. 2011இல் இங்கிலாந்தின் டெர்பி அருங்காட்சியகத்தில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. ரோஜர் பாம்கின், டெரன்ஸ் ஈடன் இருவரும் உருவாக்கிய கியூஆர்பீடியா என்ற முறையில், அட்டையிலுள்ள சதுரத்தை ஸ்கேன் செய்தால் விக்கிப்பீடியாக் கட்டுரை திறக்கும். பார்வையாளரின் கைபேசி எந்த மொழியில் இயங்குகிறதோ, அந்த மொழியில் கட்டுரை இருந்தால் அதையே காட்டும். தமிழில் கைபேசி வைத்திருப்பவருக்குத் தமிழ்க் கட்டுரை வரும், ஜப்பானியருக்கு ஜப்பானியக் கட்டுரை. அட்டை என்னவோ ஒன்றுதான். 2012இல் வேல்ஸ் நாட்டின் மான்மவுத் ஊரே இந்தச் சதுரங்களைக் கட்டடங்களிலும் கடைகளிலும் பதித்து ‘விக்கிப்பீடியா ஊர்’ என்று பெயர் வாங்கியது.

எல்லாச் சதுரமும் இணையத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உரிம எண் ஆகியவற்றைக் கியூஆர் அல்லது பட்டைக் குறியீட்டில் தர வேண்டும் என்ற விதி, இந்தியாவில் 300 மருந்துப் பெயர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவலையே சுமக்கும் கோடு தாள் உள்ளவரை பேசும். முகவரியைச் சுமக்கும் கோடு, மறுமுனையில் ஆள் உள்ளவரைதான் பேசும்.

வீடு மாறிய முகவரி

ஜெர்மனியில் ஹைன்ஸ் தக்காளி சாஸ் புட்டியில் ஒரு போட்டிக்கான கியூஆர் கோடு அச்சானது. போட்டி 2014இல் முடிந்ததும் அந்த இணையப் பெயரை நிறுவனம் புதுப்பிக்கவில்லை. வேறொருவர் அதை வாங்கி ஆபாசத் தளம் ஒன்றை அங்கே வைத்தார். 2015இல் வீட்டு மேசையில் புட்டியை ஸ்கேன் செய்த வாடிக்கையாளருக்கு அந்தத் தளம் திறந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கோட்டில் பழுது ஏதுமில்லை. எந்த முகவரியைச் சொல்லச் சொன்னார்களோ அதையே அது சொன்னது. போட்டி முடிந்த பிறகும் புட்டி அலமாரியில் இருக்கும் என்பதைத்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இது அரிதான விபத்தும் அல்ல. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல் போயிருந்தன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாகக் கொடுத்த இணைப்புகளில் பாதி, சுட்டிய செய்தியைக் காட்டவில்லை என்று ஹார்வர்டு சட்ட அறிஞர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. இலவசக் குறுமுகவரிச் சேவைகளை நம்புவதிலும் ஆபத்து உண்டு. கூகுள் தன் குறுமுகவரிகள் 2025 ஆகஸ்டில் நின்றுவிடும் என்று முதலில் அறிவித்தது. பின்னர், பயன்பாட்டில் உள்ளவற்றை மட்டும் காப்பதாக மாற்றிக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் அவற்றை அச்சிட்டிருந்தவர்களுக்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அச்சான தாளைத் திரும்ப அழைக்க முடியாது.

இதற்கான பரிகாரம் தெரிந்ததே. அச்சில் வரும் முகவரி வெளியீட்டாளரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். அது நேரே காணொளிக்குப் போகாமல், தம் கட்டுப்பாட்டில் உள்ள பதிவேடு ஒன்றின் வழியாகப் போக வேண்டும். காணொளியை வேறு தளத்துக்கு மாற்றினாலும் பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஆய்விதழ் உலகம் 2000 முதல் பயன்படுத்தும் டிஓஐ எண் இந்த யோசனையின் முதிர்ந்த வடிவம். கட்டுரை எந்தத் தளத்துக்கு இடம்பெயர்ந்தாலும் எண் மாறாது. பாடநூலின் ஆறு குறிகளும் இதே குடும்பம்தான். நிகழ்ச்சி முடிந்துவிட்டால் முகவரியை வெறுமையாக விடாமல், முடிந்துவிட்டது என்று சொல்லும் ஒரு பக்கத்தையாவது வைத்திருப்பது மரியாதை.

ஒட்டு வேலைகள்

சதுரத்தைப் பார்த்து அது எங்கே போகும் என்று மனிதரால் சொல்ல முடியாது. மோசடிக்காரர்களுக்கு அதுவே வாசல். 2022 தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், வாகன நிறுத்தக் கட்டணக் கருவிகள்மீது போலி ஸ்டிக்கர்களை ஒட்டியிருந்தார்கள். கட்டணம் செலுத்துவதாக நினைத்து ஸ்கேன் செய்தவர்கள் போலித் தளத்தில் வங்கி அட்டை விவரங்களைக் கொடுத்தார்கள். அச்சான சதுரத்தின்மேல் இன்னொன்று ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும், கைபேசி காட்டும் முகவரியைத் திறக்கும் முன் ஒருமுறை வாசிப்பதும் எளிய காவல்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு எந்தக் கோட்டையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பதிவேட்டின் வழியே போகும் முகவரிக்கு வேறொரு முகமும் உண்டு. எந்த நேரத்தில், எந்த வகைக் கைபேசியில், ஏறத்தாழ எந்த ஊரிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்பதெல்லாம் அங்கே பதிவாகலாம். எந்தப் பாடத்தைப் பிள்ளைகள் அதிகம் பார்க்கிறார்கள் என்று அறிய இது உதவும். வாசகரை அவருக்குத் தெரியாமல் பின்தொடரவும் இதே பதிவு உதவும். கியூகேட்டின் மேல் எழுந்த புகார் இன்னும் காலாவதியாகவில்லை.

கடைச் சரக்கிலும் மாற்றம் தொடங்கியிருக்கிறது. பட்டைக் குறியீட்டுத் தரத்தை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு, 2027 முடிவுக்குள் உலகெங்கும் கடைகளின் பில் கருவிகள் கியூஆர் போன்ற சதுரக் குறியீடுகளையும் படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதன்பின் ஒரே சதுரத்தைக் கடைக்காரர் பில் போடப் பயன்படுத்துவார். வாங்கியவர் அதையே ஸ்கேன் செய்து பொருளின் சேர்மானத்தைப் பார்ப்பார். அச்சாகும் முகவரிகளின் எண்ணிக்கை அப்போது பன்மடங்கு பெருகும். அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பும் அதே அளவு பெருகும்.

அச்சிடுபவர் மறக்கக் கூடாத கடைசி வேலை ஒன்று உண்டு. சதுரத்தின் அருகே, திறந்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு வரியும், முகவரியை எழுத்திலும் போட வேண்டும். கைபேசியில் சார்ஜ் தீர்ந்திருக்கலாம், ஜெராக்ஸ் பிரதியில் கட்டங்கள் கலங்கியிருக்கலாம், பார்வையற்றவருக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கலாம். பாடநூலின் மூலை கிழிந்து சதுரம் பாதி போனாலும், அடியில் உள்ள ஆறு குறிகள் மிஞ்சியிருந்தால் பாடம் திறக்கும்.